ஆக்கோரில் தூசி துடைத்தவர்

யார் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் அக்காவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"அது எங்கை கிடக்கு?"

இத்தாலியில் என்றோ இலங்கையில் என்றோ சொல்லித் தப்பிவிட முடியாது. மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஓடும், பக்கத்து இடத்தைவிட மேடா பள்ளமா, எல்லாம் வேண்டும் அவருக்கு. பலெர்மோ நகரின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோவில் எனக்கு முதன்முதலாக ஒரு வீட்டு வேலை கிடைத்தபோது மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னேன். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை இல்லை. "பஸ்ஸாலை இறங்கினால் கடல் எந்தக் கைப்பக்கம்?" என்று கேட்டார்.

"கடலை நான் துடைக்கப் போறதில்லை அக்கா" என்றேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான், மறைத்து என்ன பயன்?

"துடைக்காட்டிலும் பாத்து வைச்சிரு பிள்ளை" என்றார், கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே.

அவர் மன்னாரைச் சேர்ந்த வேதக்காரர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். பலெர்மோவின் அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்குப் பின்னாலுள்ள சந்து ஒன்றில், ஒரே மாடியில் ஒரு குசினியைப் பங்குபோட்டு ஏழு வருடம் இருந்தோம். என்னைவிட எட்டோ ஒன்பதோ வயது மூப்பு. கட்டை உருவம், நடை மட்டும் நெட்டையானவர்களின் நடை. கைப்பையில் எந்நேரமும் ஒரு பழைய சவர பிரஷ் இருக்கும். ஆம்பிளையில்லாத வீட்டில் சவர பிரஷ் எதற்கு என்று முதல் மாதம் முழுக்க எனக்கு மண்டை காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பிரசங்கம் வைக்கும் ஃபாதருக்கும் அவரால் நிம்மதி இல்லை. பூசை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொள்வார். "ஃபாதர், நீங்கள் சொன்ன அந்தப் பள்ளத்தாக்கு எங்கை கிடக்கு?" பாலஸ்தீனப் பக்கம் என்பார் அவர். "பாலஸ்தீனத்திலை எங்கை ஃபாதர்? சாக்கடலுக்கு மேற்கையோ கிழக்கையோ?" பாவம் அந்த மனிதர். கொஞ்சக் காலத்தில், ஊர்ப்பெயர் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், அக்கா எந்த வாங்கில் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்று அங்கே போகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வியாதி அவருக்கு மன்னாரில் இருந்ததில்லையாம். பிடித்துக்கொண்டது பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில்.

பகேரியாவில் பழைய வில்லா ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா, தனியாக இருந்தார். அக்கா வாரத்தில் ஐந்து நாள் ரயிலில் அங்கே வேலைக்குப் போவார். சிஞ்ஞோராவின் இறந்துபோன கணவர், குருமடத்தில் வேதாகமத்து ஊர்களையும் நிலத்தையும் பற்றிப் படிப்பித்த பேராசிரியர். அவர் தன் கையாலேயே ஒரு நிலப்படம் செய்து வைத்திருந்தார். கடதாசிப் படம் இல்லை. பாதிக் கதவளவு பலகையில் சாந்தால் செய்தது. மலை உயர்ந்து நிற்கும், பள்ளத்தாக்கு உண்மையாகவே பள்ளமாக இருக்கும், எல்லாவற்றிலும் பெரிய குழியாகச் சாக்கடல். ஒவ்வொரு இடத்திலும் நகத்தளவு சீட்டில் எபிரேயப் பெயர்.

அதை வெள்ளிக்கிழமைதோறும் தூசி துடைப்பது அக்காவின் வேலை. துணி வைத்துத் துடைத்தால் சாந்து உதிரும் என்று, கணவரின் சவர பிரஷ்ஷை சிஞ்ஞோராவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று அடிக்கும் நாட்களில் கதவிடுக்கால் செம்மண் தூசி வந்து படியும். உண்மையான வனாந்தரத்துத் தூசி சாந்து வனாந்தரத்தில் படிந்து கிடக்கும் என்று அக்கா சொல்லிச் சொல்லி அதிசயப்படுவார். எங்கே ஆழம் கூடவோ அங்கே தூசி கூட. அப்படித்தான் அந்த நாட்டை அவர் படித்தார். விரலாலும் பிரஷ்ஷாலும், ஆறு வருடம்.

சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி பெயர்களை வாசித்துச் சொல்வாராம். கணவரின் குறிப்புகளையெல்லாம் தட்டச்சில் அடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

அக்கா இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்கு ஒப்புவிப்பார். "எங்களுக்கு எல்லாம் பள்ளத்தாக்குத்தான் பிள்ளை. அவையளுக்கு நாலு சொல்லு இருக்கு. ஏமெக் எண்டால் அகலம். மாடு மேயலாம், படை நிக்கலாம். கய் எண்டால் ஒடுக்கம், ரெண்டு பக்கமும் பாறை. மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளெல்லாம் காஞ்சு கிடக்கிறது நாஹல். மலைக்கு நடுவிலை பிளந்து விரிஞ்ச வெளி பிக்ஆ."

"எனக்கு எதுக்கு இது?" என்பேன்.

"நீ இருக்கிற இடமே ஒரு நாஹல். தெரியுமோ?"

உண்மைதான். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பழைய காலத்தில் ஒரு ஆறு ஓடியதாகவும் அதை மூடித்தான் தெருப் போட்டதாகவும் சந்தையில் வயதானவர்கள் சொல்வார்கள். அக்கா தெருவின் சரிவை நடந்து பார்த்துவிட்டு வந்து, கீழ் வாசலில் இருந்த எங்கள் செருப்புத் தட்டை ஆணியடித்து நெஞ்சுயரத்துக்கு ஏற்றினார். "விசர் வேலை, செருப்பு எடுக்க ஏணி வேணுமோ" என்று நான் திட்டினேன். அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அரைமணி நேரத்தில் வாசலுக்குள் முழங்கால் தண்ணீர். அந்தக் கட்டிடத்தில் ஆறு குடும்பத்தின் சப்பாத்துகளும் சந்தைப் பக்கம் ஊர்வலம் போயின. எங்களுடையது மட்டும் தட்டில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அந்தப் புருவத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் படத்தில் அவருக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. ஏமெக் ஆக்கோர். யோசுவாவின் காலத்தில் எரிகோ விழுந்த பிறகு, தொடக் கூடாது என்று சொன்ன பொருளில் ஒருவன் கைவைத்து, கூடாரத்துக்குள் புதைத்துவிட்டானாம். அவனால் எல்லோருக்கும் இடைஞ்சல். பிடித்து, அந்தப் பள்ளத்தாக்கில் வைத்துக் கல்லெறிந்து கொன்று கற்குவியல் போட்டார்கள். இடைஞ்சல், துன்பம் என்ற பொருளில் அந்த இடத்துக்கு ஆக்கோர் என்று பெயர். பல காலம் கழித்து வந்த ஓர் இறைவாக்கினர், அதே ஆக்கோர் ஒருநாள் நம்பிக்கையின் வாசலாகும் என்றாராம். பேராசிரியர் அந்தச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். இடம் இதுதானா என்று அறிஞர்களுக்குள் இன்னும் பிடுங்குப்பாடாம்.

இனி நான் செய்த கோளாறைச் சொல்ல வேண்டும்.

சிஞ்ஞோராவுக்கு வயதாகிவிட்டது. வடக்கே இருக்கும் மகன், அடுத்த வருடம் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், வீட்டைப் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல், இங்கே இருப்பதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போய் நின்றால் என்ன கேட்பார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளர் பராமரிக்கும் வேலைக்கு ஒரு படிப்பு இருந்தது. அதில் சேர 'தெர்சா மேதியா' வேண்டும், இங்கே எட்டாம் வகுப்புச் சான்றிதழ். ஊரில் படித்த தாள்கள் எல்லாம் அக்காவுக்குச் சண்டையில் போய்விட்டன. இரண்டு பேரும் பெரியவர்களுக்கான பின்னேர வகுப்பில் சேர்ந்தோம்.

கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. நாமே ஒரு விஷயத்தை எடுத்து மேசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அக்கா யோசிக்கவே இல்லை. "ஆக்கோர்" என்றார்.

"ஐயோ அக்கா, உங்களுக்கு விசரே? நல்ல காரியத்துக்குப் போற இடத்திலை வாயைத் திறந்ததும் துன்பம் எண்டோ சொல்லுறது? எங்கடை ஆக்கள் ஆரும் செய்வினமோ?"

"அது பேர் பிள்ளை."

"பேரெண்டாலும் சொல்லு சொல்லுத்தான். அந்த நாளிலை வேண்டாம். பேராலயத்தைப் பற்றிச் சொல்லுங்கோ, அவையளுக்கும் சந்தோஷமா இருக்கும்."

விட்டேனா? போனில் தேடி, பலெர்மோப் பேராலயம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, ஊரில் டியூஷனில் செய்வதுபோல மனப்பாடம் பண்ண வைத்தேன். எனக்கு எத்னா எரிமலை, ஒன்றரைப் பக்கம். நான் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினேன், பத்துக்கு ஆறு. போதும். அக்கா மூன்று வரி சொன்னார். நான்காவது வரி வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்ல காலம், சிஞ்ஞோரா மகனிடம் அடம்பிடித்து இன்னொரு வருடம் இருந்தார். அவ்வளவுதான் தவணை, அதற்கு மேல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆனி மாதம் அக்கா மறுபடி பரீட்சைக்குப் போனார். இங்கே வாய்மொழிப் பரீட்சையை யாரும் இருந்து பார்க்கலாம். நான் ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணிதான் தலைவர். நடந்தது இத்தாலியனில், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அக்காவின் இத்தாலியனில் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே காலத்தில்தான் நிற்கும், ஆனால் விளங்கும்.

"ஏமெக் ஆக்கோர்" என்று ஆரம்பித்தார் அக்கா.

தலைவர் முகத்தில் ஓர் ஆர்வம். சுவரில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டி, "எங்கே என்று காட்டுங்கள்" என்றார்.

இத்தனை வருடமாக மற்றவர்களை அவர் கேட்ட கேள்வி. அக்கா படத்துக்குக் கிட்டப் போனார். பார்த்தார். இன்னும் பார்த்தார். கை எழும்பவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பகேரியாவில் அறை சின்னது. அந்தச் சாந்துப்படத்தைச் சுவரோரமாக, வடக்கு இடக்கைப் பக்கம் வரும்படி போட்டிருந்தார்கள். அவர் அறிந்த நாடு அப்படிக் கிடந்த நாடு. இங்கே வடக்கு மேலே ஏறி நிற்கிறது. அதோடு இது தட்டை, பள்ளமும் இல்லை மேடும் இல்லை, வெறும் நிறம். போன வருடத்து மௌனம் மறுபடி வரப்போகிறது என்று நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த பிள்ளையார் அத்தனை பேரையும் கூப்பிட்டேன்.

அக்கா திரும்பினார். மேசையைப் பார்த்தார். பச்சைத் துணி விரித்த மேசை.

"சிஞ்ஞோரா, உங்கடை கடதாசியளை ஒருக்கா எடுக்கிறியளோ?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தாள்களையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக் கையில் பிடித்தார்கள். அக்கா இரண்டு கையாலும் துணியைக் குவித்து, தன் பக்கம் ஓர் உயரமான மடிப்பு எழுப்பினார். "இது மலைநாடு. பெத்லகேம் இந்தப் பக்கம்." அவர்கள் பக்கத்து விளிம்புக்குக் கிட்ட ஒரு தாழ்ந்த மடிப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தி நீளமாக இழுத்தார். "இதுதான் ஏமெக் ஆக்கோர். அகலமானது, காஞ்சது. பள்ளத்தாக்குத்தான், ஆனால் உயரத்திலை, தட்டிலை வைச்ச மாதிரிக் கிடக்கு. ஏனெண்டால் இங்காலை பாருங்கோ." துணி மேசை விளிம்பால் கீழே தொங்கும் இடத்தைக் காட்டினார். "இது செங்குத்துப் பாறை. அதுக்குக் கீழைதான் சாக்கடல். நீங்கள் மூண்டு பேரும் இப்ப சாக்கடலுக்கை இருக்கிறியள்."

ஓரத்தில் இருந்த வாத்தியார் தன்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டார். வகுப்பே சிரித்தது.

பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. எரிகோ இடக்கைப் பக்கம், இன்னும் கீழே என்று ஓர் அழிறப்பரை எடுத்து ஓரக் கதிரையில் வைத்தார். நான்கு சொற்களையும் சொல்லி, துணியிலேயே கய் எது, நாஹல் எது என்று விரலால் கீறிக் காட்டினார். மழை எந்த வழியால் இறங்கும், வெயில் எங்கே முதலில் படும், கற்குவியல் கதை, எல்லாம் வந்தது. ஒரு வரி மனப்பாடம் இல்லை.

"அந்த இடம் இதுதான் என்பது நிச்சயமா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை. பேராசிரியர் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஆறேழு வருசமா நான் துடைக்கிறன், அது போகேல்லை."

தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தனை நல்ல பெயருள்ள இடங்கள் இருக்க, துன்பம் என்ற இடத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். நான் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அது என் கேள்வி.

அக்கா துணி மடிப்பைக் கையால் தடவியபடி சொன்னார். "வாசலாகும் எண்டு சொன்னவர் பேரை மாத்தேல்லை, சிஞ்ஞோரா. அதை அழிச்சுப்போட்டு வடிவான பேர் வைக்கேல்லை. ஆக்கோர் ஆக்கோராத்தான் கிடக்கும், ஆனால் கீழையிருந்து ஏறி வாறவைக்கு அதுக்குள்ளாலைதான் வழி எண்டார். போன வருசம் இதே மேசையிலை நான் வாய் திறக்கேல்லை. நீங்களும் இருந்தனீங்கள். இது என்ரை ஆக்கோர். அதாலைதான் மேசையைக் கேட்டு வாங்கினனான்."

தலைவர் கையிலிருந்த தாள்களைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து வந்து அக்காவின் தோளோடு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து துணியைக் குனிந்து பார்த்தார். "ஓ, இப்போது தெரிகிறது" என்றார்.

பத்துக்கு ஒன்பது. அந்த வருடம் அந்த வகுப்பில் யாருக்கும் அதற்கு மேல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நான் அக்காவைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதேன். "ஏன் அழுகிறாய், நீயே ஃபெயில் விட்டனீ?" என்று முதுகில் ஓர் அடி போட்டார். ஒரு வருடமாக நான் காத்திருந்த அடி.

சிஞ்ஞோரா புறப்படுவதற்கு முதல் வாரம், அந்தச் சாந்துப்படத்தைக் குப்பைக்கு அனுப்பலாம் என்ற மகனிடம், "அதை அறிந்தவளுக்கு அது போகும்" என்று சொல்லிவிட்டாராம். எடுத்துவர என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அக்கா. படுக்கை விரிப்பில் சுற்றி, ஆளுக்கொரு தலைப்பாகப் பிடித்து ரயிலில் ஏற்றினோம். பிரான்காச்சோ ஸ்டேஷன் வருவதற்குள் என் கை கழன்றுவிட்டது. டிக்கெட் பார்க்க வந்தவர், "உள்ளே என்ன, மேசையா?" என்றார். "வனாந்தரம்" என்றார் அக்கா. அந்த மனிதர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஸ்டேஷனிலிருந்து நடை. பல்லரோ சந்தைக்குள் நுழைந்தபோது விரிப்பு நழுவி விழுந்தது. மலையும் பள்ளமும் வெயிலில் தெரிய, வியாபாரிகள் தங்கள் கூவலை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். திருநாளுக்குச் சுரூபம் எடுத்துப் போனால் விலகுவார்களே, அப்படி. ஒலிவ் விற்கும் தடியன் ஒருவன் பெட்டிகளைத் தள்ளி, "இதில் வையுங்கள் சிஞ்ஞோரா, இளைப்பாறுங்கள்" என்று இடம் கொடுத்தான். பிறகு அந்தப் பலகையைக் குனிந்து பார்த்து, "இந்த இடமெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வெறும் ஆர்வத்தால் அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கண்டதில்லை. பைக்குள் கைவிட்டு சவர பிரஷ்ஷை எடுத்தார். அரைமணி நேரம். ஒலிவ்காரன், மீன்காரன், கத்தரிக்காய் வாங்க வந்த கிழவிகள் எல்லாம் சுற்றி நிற்க, பிரஷ் நுனியால் சாக்கடலிலிருந்து மேலே ஏறி ஏறிக் காட்டினார். நான் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மன்னார் ராசாத்தியின் பரிவாரம்போல நின்றேன். எனக்கு அன்றைக்கு ஒரு துளி கோபம் வரவில்லை.

படிப்பில் சேர்ந்தார், முடித்தார், ஆஸ்பத்திரியில் வேலை எடுத்தார். பெர்மெஸ்ஸோவும் ஒழுங்காக வந்தது. பிறகு வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார், படத்தையும் கொண்டுதான் போனார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, படம் எங்கள் குசினிச் சுவரோரம் வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சிரோக்கோ அடித்திருந்தது. அக்கா பிரஷ்ஷோடு வந்து வடக்கிலிருந்து ஆரம்பித்து மலை மலையாகத் துடைத்தார். சாக்கடலை ஊதிவிட்டார். ஆக்கோருக்கு வந்ததும் பிரஷ்ஷை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

"அதிலை செம்மண் அப்பிடியே கிடக்கு அக்கா. துடைக்கேல்லையோ?" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றார், காலை நீட்டிக்கொண்டு. "இது என்ரை வீட்டுத் தூசி. ஆறுதலாத் துடைப்பன்."